சேங்கொட்டைக் கறை

ஜவ்வாது மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, போலந்து வேடியப்பன் வீடு எது என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். பெரிய பலாமரத்துக்குப் பின்னால் பச்சை வண்ணம் அடித்த தளம் போட்ட வீடு. மூன்று வருஷம் போலந்து தேசத்தில் காளான் கொட்டகையில் வேலை பார்த்துவிட்டு வந்தவன் என்பதால் அந்தப் பட்டம். வயது முப்பத்தெட்டு. ஆள் ஒல்லி, வாய் பெரிது.

முனிசாமி டீக்கடையில் உட்கார்ந்துவிட்டால் அவனிடமிருந்து யாருக்கும் விடுதலை கிடையாது. "பனி வுழுந்தா சத்தமே வராதுய்யா. மழைன்னா ஊரக் கூட்டும். இது வர்றதே தெரியாது, காலைல கதவத் தொறந்தா வாசல் இருக்காது" என்பான். கேட்டதையே நூறாவது தடவையும் கேட்டுக்கொண்டிருப்பார்கள், பாவம். ரயில் கதை சொல்வான். உருளைக்கிழங்கையே சோறாகத் தின்கிற கதை சொல்வான். மாதா கோயில் மணிக் கதையும் உண்டு. ஒரே ஒரு கதையை மட்டும் சொல்ல மாட்டான். அந்த ஊர்த் தோல் டாக்டரிடம் இரண்டு முறை போய்வந்த கதை. பேச்சு தற்செயலாக ஆஸ்பத்திரி பக்கம் திரும்பினால் போதும், டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "வேலை கெடக்குது, வர்றேன்" என்று எழுந்துவிடுவான். அவன் சொல்லாத அந்தக் கதைதான் இது.

வேடியப்பன் கெட்டவன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போகப் போக உங்களுக்குச் சந்தேகம் வரும்.

வருஷா வருஷம் மலைக்குப் புளி எடுக்க வருகிற வாணியம்பாடி அதாவுல்லா பாய்தான் அவனை அனுப்பிவைத்தவர். அவருடைய சொந்தக்காரர் ஒருவர் வெளிநாட்டுக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார். "நம்ம வேடியப்பன் தங்கமான ஆளு, பொய் தெரியாது" என்று பாய் சொன்ன ஒரு வார்த்தைக்காகவே அவனை எடுத்தார்கள். அந்த வார்த்தை பின்னாளில் அவனை எப்படிக் குத்தியது என்று அவனுக்குத்தான் தெரியும்.

புறப்படுகிற அன்று அவன் பெண்சாதி கோகிலவாணி சாமை மாவு, கொள்ளுப் பொடி, ஊறுகாய் எல்லாம் கட்டிக் கொடுத்தாள். கடைசியாக ஒரு சின்ன டப்பா. அதில் ஐந்து சேங்கொட்டை. கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டுதான் அவற்றை எடுத்துப் போட்டாள்.

இந்த மலைக்காரர்களுக்குச் சேங்கொட்டையை அறிமுகம் செய்ய வேண்டாம். மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. கறுப்பாக, தட்டையாக, இதய வடிவில் இருக்கும் காட்டு மரக் கொட்டை. அந்தக் காலத்தில் வண்ணார்கள் துணியில் குறி போட்டது இதன் பாலில்தான். பட்ட கறை துணி கிழிந்தாலும் போகாது. பாதத்தில் பித்தவெடிப்பு வந்தால், கொட்டையை ஊசியில் குத்தி நெருப்பில் காட்டுவார்கள். சொட்டும் எண்ணெயை வெடிப்பில் விடுவார்கள். சுரீர் என்று எரியும், பிறகு வெடிப்பு மூடிக்கொள்ளும். எல்லா உடம்புக்கும் இது ஒத்துக்கொள்ளாது. ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பட்ட இடமெல்லாம் வீங்கிக் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி நீர் வடியும். வேடியப்பனுக்கு ஒன்றும் செய்யாது. கோகிலவாணிக்கு அந்த மரத்தடியில் நின்றாலே போதும், மறுநாள் முகம் வீங்கிவிடும். அதனால் அது அடுத்தவர்களை என்ன செய்யும் என்பது அவனுக்கு நன்றாகவே தெரியும். தெரியாமல் செய்தான் என்று யாரும் வக்காலத்து வாங்க முடியாது.

இன்னொன்றும் அவன் மனதில் இருந்தது. சேங்கொட்டை மரம் ஜவ்வாது மலையில் மட்டும்தான் உண்டு என்று நினைத்திருந்தான். யாரும் அவனுக்கு அப்படிச் சொல்லவில்லை. அவன் வேறு மலை பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

காளான் கொட்டகை ஒரு சின்ன டவுனுக்கு வெளியே இருந்தது. உள்ளே எப்போதும் ஈரம், அரை வெளிச்சம். அடுக்கடுக்கான தட்டுகளில் வெள்ளை வெள்ளையாகக் காளான். வேடியப்பனுக்குத் தட்டும் தரையும் கழுவுகிற வேலை. மருந்துத் தண்ணீரில், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டு நிற்க வேண்டும். செருப்பே அரிதாகப் போட்ட கால் அது. இரண்டே மாதத்தில் குதிகால் பாளம் பாளமாக வெடித்தது.

தங்கும் வீட்டில் ஓர் அறைக்கு இரண்டு பேர். அவனோடு இருந்தவன் நேபாளத்துக்காரன், தில் பகதூர். ஐந்தாறு வயது மூத்தவன், குள்ளம், சிரித்த முகம். காளான் பறிக்கிற வேலை. வேடியப்பனுக்கு எட்டாம் வகுப்புத் தமிழைத் தவிர வேறு மொழி இல்லை. தில் பகதூருக்குத் தமிழ் என்று ஒன்று இருப்பதே அங்கே வந்துதான் தெரியும். சாய், கானா, டியூட்டி, அச்சா, டண்டா என்று மொத்தம் நாற்பது வார்த்தைகளில் இருவரும் குடும்பம் நடத்தினார்கள். அவன் இவனை "பாய்" என்பான், தம்பி என்று அர்த்தம். அண்ணனுக்கு அவர்கள் பாஷையில் "தாய்". ஒரு மீசைக்காரனைத் தாய் என்று கூப்பிட வேடியப்பனுக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு அந்தக் கூச்சம் போய்விட்டது, ஏனென்றால் அவன் நடந்துகொண்டதும் அப்படித்தான். முதல் பனி விழுந்த அன்று, டிராயரோடு நடுங்கிக்கொண்டிருந்தவனுக்குத் தன் கம்பளிக் காலுறையைக் கழற்றி மாட்டிவிட்டவன் அவன். சாமை மாவு தீர்ந்து இவன் முகம் வாடியபோது பருப்பும் சோறும் வடித்து முதல் தட்டை இவன் கையில் கொடுத்தவனும் அவன்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. தில் பகதூர் கடைக்குப் போயிருந்தான். வேடியப்பன் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு, ஊக்கில் ஒரு சேங்கொட்டையைக் குத்தி, சிகரெட் லைட்டரால் சுட்டான். எண்ணெய் சொட்டியது. வலது குதிகாலில் விட்டான், இடது குதிகாலில் விட்டான். எரிந்த எரிச்சலில் ஊருக்கே போய்வந்த மாதிரி இருந்தது. ஆனால் லைட்டர் நெருப்புக்கு அளவு தெரியவில்லை. எண்ணெய் கூடுதலாக வழிந்து பாதத்தில், விரலில், தரையில் எல்லாம் பரவிவிட்டது. கழுவினால் போகாது. துடைக்க வேண்டும்.

சுவரில் இரண்டு துண்டுகள் தொங்கின. கம்பெனி கொடுத்தவை, இரண்டும் ஒரே நீலம். இடது ஆணி இவனுடையது, வலது ஆணி தில் பகதூருடையது. கை இடது பக்கம்தான் போனது. போன கை நின்றது. கறை போகாதே, அறையைச் சோதிக்க வருகிற சூப்பர்வைசரம்மா பார்த்தால் என்ன ஏது என்று கேட்பாளே என்று தோன்றியது. எதையோ கொண்டுவந்தான் என்று முந்தின மாதம் ஒருவனைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கை வலது பக்கம் போனது.

ஒரு மூலையில் கொஞ்சம்தான் துடைத்தேன் என்று அவன் பிற்பாடு தனக்குத் தானே பல தடவை சொல்லிக்கொண்டான். கொஞ்சம் இல்லை. நன்றாகவே துடைத்தான். கறை உள்ளே போகும்படி மடித்து, அதே ஆணியில் மாட்டினான். பகதூர் வந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். பகதூர் வந்தான், ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தான், குளிக்கப் போனான். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அப்போதாவது கதவைத் தட்டியிருக்கலாம். வேடியப்பன் கட்டிலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை காலையில் தில் பகதூருக்குக் கண் திறக்கவில்லை. முகம் சோற்றுப் பானை மாதிரி உப்பியிருந்தது. கன்னம், கழுத்து, கை எல்லாம் கொப்புளம். வேடியப்பனுக்கும் குதிகாலைச் சுற்றி, எண்ணெய் அதிகமான இடத்தில், இரண்டு கொப்புளம் கிளம்பியிருந்தது. சூப்பர்வைசரம்மா வாசலில் நின்றே பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டு ஏதோ கத்தினாள். ஒட்டுவாரொட்டி என்று அவள் பயந்தது மொழி தெரியாமலே புரிந்தது. இருவரையும் வேனில் ஏற்றி டவுனுக்கு அனுப்பினாள்.

டவுனில் ஒரு ரொட்டிக் கடைக்கும் பூக்கடைக்கும் நடுவில், குடியிருப்புக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது அந்தத் தோல் கிளினிக். அக்கம்பக்கத்துக்காரர்கள் வந்துபோகிற சின்ன இடம். ஷூவுக்கு மேல் நீல பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். கண் தெரியாத தில் பகதூருக்கு வேடியப்பனே குனிந்து உறை மாட்டிவிட்டான். பகதூர் அவன் தலையைத் தடவி, "பாய் அச்சா" என்றான். நல்ல தம்பி. வேடியப்பன் நிமிராமல் இன்னும் கொஞ்ச நேரம் உறையை இழுத்து இழுத்துச் சரிசெய்தான்.

டாக்டரம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். வெள்ளை முடி, கழுத்தில் சங்கிலி போட்ட கண்ணாடி. ஒரு விளக்குக் கண்ணாடியை வைத்துத் தில் பகதூரின் முகத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். பிறகு வேடியப்பனின் குதிகாலைப் பார்த்தாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு ஏதோ பொறி தட்டியது அவள் புருவத்திலேயே தெரிந்தது. செல்போனை எடுத்து அதில் பேசினாள். நேபாளி மொழியில் ஏதோ கேட்டது செல்போன். தில் பகதூர் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு இல்லை என்று தலையை ஆட்டினான்.

அடுத்து வேடியப்பன் பக்கம் திரும்பினாள். செல்போன் தமிழில் பேசியது. அட்சர சுத்தமான தமிழ்.

"கடந்த வாரத்தில் நீங்கள் ஏதேனும் செடி, விதை அல்லது எண்ணெயைத் தோலில் பயன்படுத்தினீர்களா? ஆம் அல்லது இல்லை என்று கூறவும்."

வீட்டுக்குப் பேசும் போனைத் தவிர, ஐந்து மாதம் கழித்துக் காதில் விழுந்த தமிழ். ரேடியோச் செய்தி மாதிரி, எட்டாம் வகுப்பு வாத்தியார் மாதிரி, ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் காதில் விழுந்தது. விதை என்றது, எண்ணெய் என்றது. அந்த டாக்டரம்மா உலகத்து வியாதியையெல்லாம் விட்டுவிட்டு நேராக அவன் டப்பாவுக்குள் கையை விட்டுவிட்டாள்.

"புரியல" என்றான். இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். "நோ. நோ புரியல."

அவள் மறுபடியும் நிதானமாகச் செல்போனில் பேசினாள். அதே கேள்வி மறுபடி வந்தது. "புரியல" என்றான். மூன்றாவது முறை சத்தத்தைக் கூட்டி அவன் காதருகே வைத்தாள். தலையைச் சொறிந்தான். பாவம் அந்த அம்மா, மிஷின் சரியில்லை என்று நினைத்து அதைத் தட்டிப் பார்த்தாள். பிறகு ஒரு காகிதத்தில் இலை வரைந்தாள், பக்கத்தில் கொட்டை ஒன்று வரைந்தாள், அவன் கையைத் தொட்டுக் காட்டினாள். பிறந்ததிலிருந்து இலையையும் கொட்டையையும் தவிர வேறெதையும் அதிகம் பார்க்காத ஜவ்வாது மலைக்காரன், அந்தப் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, இது என்னவென்றே தெரியாது என்று உதட்டைப் பிதுக்கினான்.

மொழி தெரியாத ஊரில் அவனுக்குப் புரிகிற மொழியில் ஒருத்தி பேசினாள். அவன்தான் கதவைச் சாத்திக்கொண்டான். இதை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்குக் காது சுடும்.

காரணம் தெரியவில்லை என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தாள். களிம்பும் மாத்திரையும் கொடுத்தாள். வேடியப்பனுடையது பூட்ஸுக்குள் இருக்கிற கால், அதனால் வேலைக்கு வரலாம் என்றார்கள். தில் பகதூர் உணவுப் பொருளைக் கையால் தொடுகிறவன். காரணம் தெரியாத தோல் வியாதிக்காரன் காளானைத் தொடக்கூடாது என்று உட்காரவைத்துவிட்டார்கள். இரண்டு வாரம் பார்த்தார்கள். அவனுக்கு இன்னும் பயிற்சிக்காலம் முடியவில்லை. ஊருக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

அந்த இரண்டு வாரமும் வேடியப்பன் அவனுக்குச் செய்த பணிவிடையைப் பார்த்தவர்கள் மெச்சிக்கொண்டார்கள். சோறு ஊட்டினான், களிம்பு தடவினான், துணி துவைத்தான். அந்த நீலத் துண்டையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டுத் துவைத்தான். கறை போகுமா? கறுப்பாக, கொடி போல, அப்படியே இருந்தது. மறுபடி மடித்து மாட்டினான். தூக்கி எறிந்தால் கேள்வி வரும் என்ற புத்தி மட்டும் நன்றாக வேலை செய்தது.

தில் பகதூர் புறப்படுவதற்கு முந்தின நாள் வேடியப்பனுக்குப் பொறுக்கவில்லை. ஒரு தீப்பெட்டியில் சேங்கொட்டையைப் போட்டுப் பையில் வைத்துக்கொண்டு, வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, மூன்று கிலோமீட்டர் பனியில் நடந்து தனியாக அந்தக் கிளினிக்குக்குப் போனான். செல்போனுக்குப் புரிய வேண்டுமே என்று புத்தகத் தமிழில் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டான். 'அம்மா, இது ஒரு விதை. தவறு என்னுடையது. அவரை அனுப்ப வேண்டாம் என்று எழுதித் தாருங்கள்.'

நீல உறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். ஒரு கிழவர் நாய்க்குட்டியோடு இருந்தார். ஒரு பெண்பிள்ளை கையிலிருந்த மருவை அம்மாவிடம் காட்டிச் சிணுங்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் அவரவர் தோலைக் காட்ட வந்திருந்தார்கள். இவன் தன் யோக்கியதையைக் காட்ட வந்திருந்தான்.

டாக்டரம்மா அவனைப் பார்த்ததும் சிரித்தாள். அடையாளம் தெரிந்துவிட்டது. இந்த முறை எப்படியும் புரியவைத்துவிட வேண்டும் என்று செல்போனை எடுத்து இருவருக்கும் நடுவில் மேஜைமேல் வைத்தாள். "தயவுசெய்து பேசுங்கள்" என்றது செல்போன்.

கை பைக்குள் போனது. தீப்பெட்டி விரலில் பட்டது. டாக்டரம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், நம்பிக்கையாக. அந்த முகத்தில் கோபம் வருவதைத் தான் பார்க்க வேண்டியிருக்கும் என்று தோன்றியது. அதாவுல்லா பாய் முகம் வந்தது. ஊரில் பாதி கட்டி நிற்கிற அவன் வீட்டுச் சுவர் கண்ணில் வந்தது. கையை வெறுமனே வெளியே எடுத்தான். குனிந்து, ஷூவைக் கழற்றி, ஆறிப்போன குதிகாலைத் தூக்கிக் காட்டினான்.

அவள் பார்த்தாள். அழகாக ஆறிவிட்டது என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். தோளில் தட்டிக்கொடுத்து அனுப்பினாள். அந்தத் தட்டலை அவன் மூன்று கிலோமீட்டரும் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். அவள் அடித்திருந்தால் தேவலை.

மறுநாள் தில் பகதூர் பெட்டி கட்டினான். கம்பளிச் சட்டையை இவன் கட்டிலில் வைத்தான், ஊரில் இவ்வளவு குளிர் இல்லை என்று சைகை காட்டினான். ஆணியிலிருந்த நீலத் துண்டை எடுத்து, விரித்து, திரும்ப மடித்து, தன் பெட்டிக்குள் வைத்தான். கம்பெனி கொடுத்த பழைய துண்டைக்கூட விடாமல் கொண்டுபோகிறானே, அவ்வளவு இல்லாமை போலிருக்கிறது என்று வேடியப்பன் நினைத்தான். அவனுக்கு அழுகை வந்தது. அழுதான். பிரிவுக்கு அழுகிறான் என்று மற்றவர்கள் அவனைத் தேற்றினார்கள்.

அதற்குப் பிறகும் அவன் இரண்டரை வருஷம் அங்கே இருந்தான். ஊர் வந்து அந்த வீட்டைக் கட்டி முடித்தான். தில் பகதூர் மாதம் ஒரு தடவையாவது வீடியோவில் கூப்பிடுவான். அவன் ஊர் ரோட்டோரத்தில் டீக்கடை போட்டிருந்தான். முகம் ஆறிவிட்டது, ஆனால் இடது கன்னத்தில் கறுப்பாக ஒரு திட்டு தங்கிவிட்டது. வேடியப்பனின் கண் நேராக அங்கேதான் போய் உட்காரும். "அச்சா, அச்சா, தாய்" என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, "சிக்னல் இல்ல" என்று கட் பண்ணிவிடுவான். மலையில் சிக்னல் கிடைக்காததற்கு ஊரே கம்பெனிக்காரனைத் திட்டும். வேடியப்பன் மட்டும் ஒரு வார்த்தை திட்ட மாட்டான்.

போன தை மாதம், சாமைக் கொல்லை ஓரத்தில் நிழல் விழுகிறது என்று ஒரு சேங்கொட்டைக் கிளையை வெட்டினான். கொடுவாளைத் துடைக்காமல் எரவாணத்தில் செருகிவிட்டான். மறுநாள் கோகிலவாணி அதை எடுத்து ஆட்டுக்குத் தழை வெட்டினாள். அடுத்த நாள் அவளுக்குக் கை, கழுத்து, கன்னம் எல்லாம் வீங்கிக் கொப்புளம்.

"கொடுவாள்ல இன்னா மாமா இருந்துச்சி?" என்று கேட்டாள்.

"எனுக்கு இன்னா தெரியும்?" என்றான்.

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. வந்த வேகத்தில் அவனுக்கே திக்கென்றது. புரியல, தெரியாது. இந்த இரண்டு வார்த்தைகளும் அவன் நாக்கிலேயே குடியிருந்தன.

கோகிலவாணி கொல்லைக்குப் போய் வெட்டுப்பட்ட கிளையைப் பார்த்துவிட்டு வந்தாள். "கெளம்பு, தானிக்கா மரத்துக்குப் போலாம்" என்றாள்.

அவர்கள் ஊரில் ஒரு வழக்கம். சேங்கொட்டை பட்டு உடம்பு வீங்கினால் களிம்பு, மாத்திரை எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், தான்றிக்காய் மரத்தை மூன்று சுற்று சுற்றிவர வேண்டும். யாரால் பட்டதோ அவரும் கூடவே சுற்ற வேண்டும். சுற்றும்போது, செய்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனதுக்குள் சொன்னால் மரத்துக்குக் கேட்காது.

முதல் சுற்றில் வேடியப்பன் முணுமுணுத்தான். "நான்தான் கொடுவாளத் தொடைக்காம வெச்சேன்."

"கேக்கல" என்றாள் கோகிலவாணி.

இரண்டாம் சுற்றில் சத்தமாகச் சொன்னான். மூன்றாம் சுற்றில் பாதியில் நின்றுவிட்டான். மரத்தில் கை வைத்துக்கொண்டான்.

"நான்தான் அந்தத் துண்டுல தொடைச்சேன்" என்றான். "அவன் துண்டுன்னு தெரிஞ்சிதான் தொடைச்சேன்."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மரத்தடியில் உட்காரவைத்து, எல்லாவற்றையும் சொன்னான். ஆரஞ்சு உரித்தது, இலைப் படம், தீப்பெட்டி, குதிகால், எதையும் விடவில்லை. வீங்கிய முகத்தோடு அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். தன் கன்னத்துக் கொப்புளத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அந்த எரிச்சல் எப்படியிருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"அந்த மனுசன் இன்னும் உனுக்கு போன் பண்றாரு" என்றாள். "நீ சிக்னல் இல்லேன்ற."

"இன்னா பாஷைல சொல்லச் சொல்ற? அவுருக்கு நம்ம பேச்சு தெரியாது, எனுக்கு அவுரு பேச்சு தெரியாது."

"தெரிஞ்ச பேச்சுல கேட்டப்ப தெரியலன்ன. இப்ப தெரியாத பேச்சுன்ற. மரத்துக்கிட்ட சொல்லி மரம் இன்னா பண்ணப்போவுது? ஏந்திரி மாமா."

ரோடு வளைவில், பாறைமேல் ஏறி நின்றால் நாலு கோடு சிக்னல் வரும். ஊருக்கே தெரிந்த இடம். கீழே போளூர் பஸ் ஏறி வந்துகொண்டிருந்தது. வேடியப்பன் முதல் தடவையாகத் தானே கூப்பிட்டான்.

"பாய்!" தில் பகதூரின் முகம் திரை நிறைய வந்தது. பின்னால் டீ கொதிக்கும் சத்தம். கன்னத்தில் அந்தத் திட்டு.

வேடியப்பன், கோகிலவாணி வரும் வழியில் கந்தலில் சுற்றி எடுத்துவந்திருந்த சேங்கொட்டையை எடுத்துக் கேமரா முன்னால் காட்டினான். தன் குதிகாலைக் காட்டினான். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் குதிகாலைத் துடைத்தான், அதே துண்டால் முகத்தைத் துடைக்கிற மாதிரி காட்டினான். பிறகு திரையில் தெரிந்த அந்தக் கன்னத்தைத் தொட்டு, தன் நெஞ்சில் கை வைத்தான். நான். நான்தான்.

தில் பகதூர் கொட்டையைப் பார்த்து, "பலாயோ!" என்றான். சிரித்தான். "பலாயோ, பலாயோ." செல்போனைத் திருப்பிக் கடைக்குப் பின்னால் இருந்த காட்டைக் காட்டினான். அந்த மாதிரி மரம் அங்கே மூன்று நின்றது. அதே இலை, அதே கொட்டை.

வேடியப்பன் தன் கையிலிருந்த கொட்டையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான். தன் மலையில் மட்டும்தான் உண்டு என்று நினைத்த மரம்.

தில் பகதூர் கடைக்குள் போனான். வெளியே வந்தபோது அவன் கையில் அந்த நீலத் துண்டு இருந்தது. சாயம் போயிருந்தது. விரித்துக் காட்டினான். கறுப்பாக, கொடி போல, கறை அப்படியே இருந்தது. அதைத் தொட்டுக் காட்டி, "பலாயோ" என்றான் மறுபடியும், ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல.

தெரியும். கண் திறந்த முதல் நாளே, துண்டை விரித்த உடனே, அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கு முன்பே, டாக்டரம்மா கேட்டபோதே, அந்த எரிச்சலை வைத்தே தெரிந்திருக்கலாம். அவன் கொஞ்ச நேரம் சும்மா இருந்ததும், பிறகு தலையை ஆட்டியதும் வேடியப்பனுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது.

"டாக்டர்..." என்றான் வேடியப்பன். "ஏன் தாய்?" அதற்குமேல் வார்த்தை இல்லை. கையை விரித்தான்.

தில் பகதூர் இரண்டு விரல்களைத் தூக்கிக் காட்டினான். ஒன்று தன்னைச் சுட்டியது, மற்றது வேடியப்பனை. சொல்லியிருந்தால் இரண்டு பேரும்தான் போயிருப்போம் என்பதுபோல இரண்டையும் சேர்த்து அசைத்தான். பிறகு தன் விரலை மட்டும் மடக்கினான். மற்றொன்று அப்படியே நின்றது. அது போதும் என்று தலையை ஆட்டினான். "வூடு?" என்று கேட்டான். அந்த ஒரு தமிழ் வார்த்தையை இவனிடமிருந்துதான் கற்றிருந்தான். வீடு கட்டி முடித்துவிட்டாயா என்று கேட்கிறான். முடித்துவிட்டேன் என்று வேடியப்பன் தலையாட்டினான். "அச்சா" என்றான் தில் பகதூர், சந்தோஷமாக. கடைக்கு யாரோ வந்தார்கள். கையை ஆட்டிவிட்டு வைத்துவிட்டான்.

வேடியப்பன் பாறைமேல் உட்கார்ந்துவிட்டான். எதிரே மரங்களுக்கு நடுவில் அவன் வீட்டுப் பச்சைச் சுவர் தெரிந்தது. அதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இன்னா மாமா சொன்னாரு?" என்று கேட்டாள் கோகிலவாணி. "புரிஞ்சிச்சா?"

"புரிஞ்சிச்சி" என்றான்.